சொத்தையும் இல்லை, தண்ணீரும் இல்லை: ஆறு வயதுக் கடைவாய்ப் பல் பற்றி ஒரு பதில்

கேள்வி: "நாங்கள் குடியாத்தம் பக்கம். மகளுக்கு ஏழு வயது. போன வருடம் முளைத்த கடைவாய்ப் பல் வரும்போதே மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. இப்போது ஓரம் பொடிந்து விழுகிறது. முன்பல் ஒன்றில் வெள்ளைத் திட்டு. ஒரு டாக்டர் சொத்தை என்று அடைத்தார், நாலு மாதத்தில் விழுந்துவிட்டது. இன்னொருவர் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒன்றும் செய்ய முடியாது என்றார். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அழுகிறாள். அவளுக்கு நாங்கள் இனிப்பு அதிகம் கொடுப்பதும் இல்லை. நான் என்ன தவறு செய்தேன்? நம் பக்கத்துப் பல் டாக்டர்களுக்கு இது தெரியாதா? அவளுக்குக் கீழே மூன்று வயதில் ஒரு தம்பியும் இருக்கிறான்."

முதலில் 'நான் என்ன தவறு செய்தேன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. குழந்தையின் வாயைப் பார்க்காமல் எந்தப் பல் மருத்துவரும் முடிவாகச் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் ஒரே பக்கம் கையைக் காட்டுகின்றன. பல் நிறம் மாறியே முளைத்தது. முளைத்த பிறகு பொடிகிறது. கூடவே முன்பல்லிலும் திட்டு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சொத்தை அல்ல, ஃப்ளோரைடும் அல்ல. மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன், சுருக்கமாக எம்.ஐ.எச்., என்று ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னால், கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் வரும் தாதுக்குறை.

நான் குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவள். பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதியில், பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளின் கதையை, பெயரும் ஊரும் மட்டும் மாறி, அடிக்கடி கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல்லின் மேல் ஓடான எனாமல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஈறுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல், சில செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சாரம் கட்டுகின்றன. பிறகு அந்தப் புரதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த தாதுவை நிரப்புகின்றன. முழுதாக முதிர்ந்த எனாமலின் எடையில் 96 சதவீதம் தாது. உடம்பிலேயே இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. ஆனால் பல் வெளியே வந்ததும் அந்தச் செல்கள் போய்விடுகின்றன. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எப்படி முளைத்ததோ அப்படியேதான்.

ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்குத் தாது படியத் தொடங்குவது குழந்தை பிறக்கும் சமயத்தில். மூன்று வயதுக்குள் அதன் மேல்பகுதி உருவாகி முடிகிறது. மேல் நடு முன்பற்களுக்குப் பிறந்த மூன்று, நான்கு மாதத்தில் வேலை ஆரம்பம். ஆக இந்த இரண்டு வகைப் பற்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வேலையில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தாது நிரப்பும் வேலையில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் எனாமலின் பருமன் சரியாக இருக்கும், ஆனால் உள்ளே கெட்டிப்படாமல் புரதம் மிச்சமாகத் தங்கிவிடும். நல்ல எனாமல் பீங்கான் மாதிரி என்றால் இது நமத்துப்போன சாக்பீஸ் மாதிரி. குழந்தை மெல்ல ஆரம்பித்ததும் பொடிகிறது. உங்கள் மகளுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

என்ன இடைஞ்சல் என்று கேட்பீர்கள். ஒரே காரணம் என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது, குறைமாதம், முதல் மூன்று வருடத்தில் அடிக்கடி கடுமையான காய்ச்சல், மார்புச் சளி போன்ற நோய்கள், இவற்றோடு பரம்பரைக் கூறும் சேர்ந்து வேலை செய்கிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்தையும் சொல்கிறார்கள். ஆனால் பல்லைக் கெடுத்தது மருந்தா, மருந்து கொடுக்க வேண்டி வந்த காய்ச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் குழந்தைக்கு நிமோனியா வந்தால் பல்லை நினைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் கிளினிக்கில் ஒரு ஆயா, பேரனின் பல்லைக் காட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த மருமகளைப் பார்த்து, "மாசமா இருக்கும்போது இவ ஒழுங்கா ஒண்ணும் துன்னல டாக்டரம்மா, அதான் புள்ளைக்கு இப்படி" என்றார். அந்தப் பெண் வீட்டில் பீடி சுற்றுபவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆயாவுக்குத்தான் முதலில் விளக்கினேன். மருமகள் மாசமாக இருந்தபோது சாப்பிட்டதுதான் அந்தப் பல்லுக்குக் காரணம் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பல் டாக்டர்களுக்கு இது தெரியாதா?

பார்த்திருக்கிறார்கள், பலருக்கு அதன் பெயர் தெரியாது. இதுதான் நேர்மையான பதில். சுவீடனில் 1970-களின் கடைசியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஆனால் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். எம்.ஐ.எச். என்ற பெயரை நெதர்லாந்து, சுவீடன், பின்லாந்து நாட்டுப் பல் மருத்துவர்கள் மூவர் முன்மொழிந்தது 2001-இல். எதைப் பார்த்து இந்தக் குறை என்று முடிவு செய்வது என்பதற்கு 2003-இல் ஏதென்ஸில் கூடிய ஐரோப்பியக் குழந்தைப் பல் மருத்துவர்கள் அளவுகோல் வகுத்தார்கள். அதற்கு முன்னால் கல்லூரியை முடித்தவர்களின் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயரே இருந்திருக்காது. இன்று நம் ஊர்களில் நன்றாகப் பெயர் எடுத்து, கூட்டம் அலைமோதும் மூத்த டாக்டர்கள் பலர் அந்தத் தலைமுறை. அவர்கள் கைத்திறனில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. எனாமல் குறை என்றால் ஹைப்போபிளேசியா (எனாமலின் பருமனே குறைவது), ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு அதிகமானதால் வரும் கறை) என்று இரண்டைத்தான் பெரும்பாலும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இது வேலூருக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வளைகுடா நாடுகள், மலேசியா என்று பல இடங்களில் பல் மருத்துவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பதில்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன. இத்தகைய பற்களைப் பார்த்திருக்கிறோம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். மற்ற குறைகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியுமா என்றால் பலர் தயங்குகிறார்கள். காரணம் என்ன, எதை வைத்து அடைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பயிற்சி கொடுத்தால் வருவீர்களா என்றால் பெரும்பாலோர் வருகிறோம் என்கிறார்கள். அந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆனால் நம் மாவட்டத்தில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஃப்ளோரோசிஸும் நிஜமாகவே இருக்கிறது. வேலூரைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும், எங்கும் கருங்கல் மலை. அந்தப் பாறையில் இருக்கும் சில கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்ல நிலத்தடி நீரில் கரைகிறது. தண்ணீர் பாறையோடு எத்தனை காலம் கிடக்கிறதோ அத்தனைக்குக் கரையும். பாலாறு வறண்டு, ஊர் ஊராகப் போர் ஆழமாகப் போகப் போக இந்தத் தொல்லை கூடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பலர் தோல் தொழிற்சாலைக் கழிவால்தான் பல் கறை என்று நினைக்கிறார்கள். அந்தக் கழிவு செய்த கேடு பெரிது, ஆனால் அது உப்பும் குரோமியமும் சார்ந்தது. பல்லில் வரும் ஃப்ளோரைடு கறைக்குப் பாறைதான் மூலம்.

இதனால் என்ன ஆகிறதென்றால், குழந்தையின் பல்லில் எந்த நிறத் திட்டைப் பார்த்தாலும் "எந்த ஊரு? அப்ப தண்ணிதான்" என்று சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது. பல்லில் பள்ளம் இருந்தால் சொத்தை, கறை இருந்தால் தண்ணீர். இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் குழந்தையைப் போட்டுவிடுகிறோம். மூன்றாவது பெட்டியில் இருக்க வேண்டிய குழந்தை இரண்டிலும் மாறி மாறி விழுகிறது. உங்கள் மகளுக்கு ஒருவர் சொத்தை என்றும் ஒருவர் தண்ணீர் என்றும் சொன்னது இப்படித்தான்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பி.டி.எஸ். முடித்து, மேற்படிப்புக்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்தபோது எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சிமென்ட் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை வந்தபோது அவள் அம்மாவைத் திட்டினேன், பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவதில்லையா என்று. அந்தப் பல்லை ஒரு வருடத்தில் எடுக்க வேண்டி வந்தது. சென்னையில் மேற்படிப்பில் முதல்முறையாக எம்.ஐ.எச். பற்களின் படங்களைத் திரையில் பார்த்தபோது எனக்கு அந்தக் குழந்தையின் வாய்தான் தெரிந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அடைத்தது ஏன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் நிறத்தில் அடைக்கும் பொருள் எனாமலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். தாது குறைந்து புரதம் மிகுந்த எனாமலில் அந்தப் பிடிப்பு வராது. டாக்டர் பள்ளத்தை மட்டும் சுத்தம் செய்து, பார்க்க நன்றாக இருக்கும் மஞ்சள் எனாமல் ஓரத்தை விட்டு வைத்தால், கொஞ்ச நாளில் அந்த ஓரமே பொடிந்து, அடைத்தது தூக்கிக்கொண்டு வரும். டாக்டர் மோசமான பொருளை வைத்தார் என்று அர்த்தமில்லை, சுவரே மண்சுவர். சுவீடனில் இத்தகைய ஒன்பது வயதுக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களின் முதல் கடைவாய்ப் பற்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாகச் சிகிச்சை நடந்திருந்தது. ஒன்பது வயதுக்குள் அத்தனை முறை அந்த நாற்காலியில் படுத்த குழந்தைக்குப் பல் டாக்டர் என்றாலே என்ன தோன்றும்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். மூன்று இடங்களில் "அடங்காத பையன், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யணும்" என்று அனுப்பிவிட்டார்களாம். நாற்காலியில் அமைதியாகத்தான் உட்கார்ந்தான். பல்லின் மேல் காற்று ஊதும் கருவியைக் கொண்டுபோனதும் துள்ளி எழுந்தான். அது அடம் அல்ல, வலி. எம்.ஐ.எச். பல்லின் ஓட்டை ஓட்டையான எனாமல் வழியாகக் குளிரும் சூடும் கிருமியும் உள்ளே போய், பல்லின் நரம்பு எப்போதும் வீங்கிய நிலையிலேயே இருக்கும். அதனால் மரத்துப்போகும் ஊசி போட்டாலும் சில சமயம் முழுதாக மரக்காது. டாக்டர் ஊசி போட்டாயிற்றே என்று நினைத்து வேலையைத் தொடங்க, குழந்தை நிஜமாகவே வலியில் கத்துகிறது. பல் தேய்க்க மறுப்பதும் இதனால்தான். பிரஷ் பட்டால் கூசுகிறது, அதனால் அந்தப் பக்கம் தேய்ப்பதில்லை, அழுக்குப் படிகிறது, அப்புறம் நிஜமான சொத்தையும் வந்து சேர்ந்துகொள்கிறது. உங்கள் மகள் குளிர்ந்த தண்ணீருக்கு அழுதால் அதை நம்புங்கள். வேலூர் வெயிலில் ஒரு குழந்தை நீர்மோர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதை நீங்களே வீட்டில் ஓரளவு செய்யலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், பல்லைத் தேய்த்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். துடைத்துக் காயவைத்தால் சாதாரணப் பல்லிலும் வெள்ளை தெரிந்து குழப்பும். எம்.ஐ.எச். திட்டுக்கு எல்லை உண்டு. மண் சுவரில் சுண்ணாம்பு பட்ட இடம்போல, இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று விரலால் வரைந்து காட்டலாம். நிறம் பால் வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்பு. மஞ்சளும் பழுப்பும்தான் அதிகம் பொடியும். இடதில் ஒரு பல் மோசமாகவும் வலதில் அதே பல் நன்றாகவும் இருக்கலாம். ஃப்ளோரோசிஸ் அப்படி இல்லை. எல்லை இல்லாமல் மேகம் படர்ந்தது போல, மெல்லிய குறுக்குக் கோடுகளாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வாயில் பல பற்களில் இருக்கும். அந்தத் தெருவில் மற்ற பிள்ளைகளுக்கும் இருக்கும். லேசான ஃப்ளோரோசிஸ் பல் பார்க்க நன்றாக இல்லையே தவிர, சொத்தையைத் தாங்கும், கூசாது. சொத்தையோ பல் இடுக்கிலும் குழியிலும் அழுக்குத் தங்கும் இடத்தில் ஆரம்பிக்கும். கடைவாய்ப் பல்லின் முனையில், நாக்கும் எச்சிலும் எப்போதும் கழுவிக்கொண்டிருக்கும் இடத்தில், சொத்தை தானாக ஆரம்பிப்பது அரிது. அங்கே பொடிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இன்னும் சில குறைகளும் உண்டு. ஒரே ஒரு நிரந்தரப் பல் மட்டும் சிதைந்திருந்தால், அதற்கு மேலிருந்த பால் பல்லில் சீழ் பிடித்ததா, குழந்தை விழுந்து அடிபட்டதா என்று கேட்க வேண்டும். பால் பல், நிரந்தரப் பல் எல்லாமே ஒன்றுவிடாமல் மெலிந்து மஞ்சளாக இருந்தால் அது பரம்பரைக் குறையாக இருக்கலாம். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜம் என்பதால் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று நான் தவறாமல் கேட்பேன். உங்கள் மகளுக்கு இவை பொருந்துவதாகத் தெரியவில்லை.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பீடு ஏறத்தாழ 13 சதவீதம் என்கிறது. சென்னையில் 8 முதல் 12 வயதுப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில் 9.7 சதவீதம். அந்தக் கணக்கை நம் பக்கம் வைத்துப் பார்த்தால், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூன்று, நான்கு பேர். இத்தனை பேர் இருந்தும் நாம் ஏன் தவறவிடுகிறோம் என்றால், பள்ளி முகாம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நான் போன முகாம்கள் பலவற்றில் படிவத்தில் சொத்தை எத்தனை, கறை உண்டா, ஈறு எப்படி என்றுதான் கட்டம் இருக்கும். இந்தக் குறையை எழுத இடமே கிடையாது. எழுத இடமில்லாததைத் தேடவும் மாட்டார்கள். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன, பல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு ஐந்து படங்களைக் காட்டி, ஒரு மணி நேரம் விளக்கினால் போதும், முதல் வகுப்பிலேயே இந்தக் குழந்தைகளைக் கண்டுபிடித்துவிடலாம். இதைக் கேட்கும் இடமெல்லாம் நான் சொல்லி வருகிறேன்.

இன்னொரு காரணம் பெற்றோர் பக்கமும் இருக்கிறது. இந்தப் பல் எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதனால் இதையும் பால் பல் என்று எண்ணி, "விழுந்து முளைக்கும், விடுங்க" என்று இருந்துவிடுகிறார்கள். விழாது. அறுபது வயதுக்கும் அதுதான்.

இனி உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம். பொடிந்தது அதிகம், கூச்சமும் இருக்கிறது என்றால், இந்த வயதில் எனக்குப் பிடித்த வழி ஸ்டீல் கேப். தயாராக வரும் சின்ன உலோகத் தொப்பி, பல் முழுவதையும் மூடிவிடும். பொடிவதும் நிற்கும், கூச்சமும் பெரும்பாலும் நின்றுவிடும். வெள்ளி மாதிரித் தெரிகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். அது கடைவாயில் இருக்கிறது, சிரித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. வளர்ந்த பிறகு வேறு கேப் மாற்றிக்கொள்ளலாம். குறை கொஞ்சமாக இருந்தால் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் தற்காலிகமாக மூடி, கூச்சம் அடங்கிய பிறகு நிரந்தரமாக அடைக்கலாம். அப்போது பொடிந்த பள்ளத்தோடு நிற்காமல், ஓரம் நல்ல எனாமலில் முடிகிற மாதிரி அடைக்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன்னால் வலி மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் ஊசி நன்றாக வேலை செய்கிற குழந்தைகள் உண்டு. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவினால் கூச்சம் குறையும், ஆனால் அந்த இடம் கறுப்பாகிவிடும். அதைச் சொல்லாமல் தடவினால் பிறகு சண்டை வரும், அதனால் முன்பே சொல்கிறேன். முன்பல் திட்டுக்கு இப்போது அவசரமில்லை. யாராவது அதைத் தேய்த்து எடுக்கிறேன், ப்ளீச் செய்கிறேன் என்றால் ஏழு வயதில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பல் மிகவும் சிதைந்து காப்பாற்ற முடியாது என்றால் எடுத்துவிடுவதும் ஒரு நல்ல சிகிச்சைதான், ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். எட்டரை முதல் பத்தரை வயதுக்குள், பின்னால் வர வேண்டிய இரண்டாவது கடைவாய்ப் பல்லின் வேர் பிரியத் தொடங்கும் சமயத்தில் எடுத்தால், அந்தப் பல் முன்னால் நகர்ந்து வந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதை அறிய முழு வாய் எக்ஸ்ரே ஒன்று வேண்டும், பல் சீரமைப்பு டாக்டரும் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அதனால் யாராவது இப்போதே எடுத்துவிடலாம் என்றால், கேப் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் காப்பாற்றி, அப்புறம் முடிவு செய்யலாமா என்று கேளுங்கள்.

ஃப்ளோரைடு பற்றி ஒரு குழப்பம் வரும், இப்போதே தீர்த்துவிடலாம். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று சொன்னவர்கள், பேஸ்ட்டிலும் ஃப்ளோரைடு வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் வேறு. பல் உருவாகும் வயதில் வயிற்றுக்குள் போகும் அதிகப்படி ஃப்ளோரைடுதான் கறையை உண்டாக்குகிறது. முளைத்துவிட்ட பலவீனமான பல்லின் மேல் படும் ஃப்ளோரைடு அதைக் கெட்டியாக்குகிறது. ஆகவே உங்கள் மகளுக்கு, டியூப்பின் பின்னால் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கும் பேஸ்ட், பட்டாணி அளவு, இரண்டு வேளை, தேய்த்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவச் சொல்லுங்கள். பல்பொடி, கரி, சாம்பல், செங்கல் தூள், உப்பு எதுவும் அந்தப் பல் பக்கம் போகக் கூடாது. ஏற்கெனவே நமத்துப்போன எனாமல், அதைத் தேய்த்தே தீர்த்துவிடும். பிரஷ் பட்டால் கூசினால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்துத் தேய்த்துவிடுங்கள்.

தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது, தம்பி இருக்கிறானே. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வருபவர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுக் காட்டுவார், அந்த எண்ணுக்கும் ஃப்ளோரைடுக்கும் சம்பந்தமில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுத்து ஃப்ளோரைடு என்று குறிப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். காவிரித் தண்ணீர் வரும் தெருவாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது என்றால், குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவரைத் தேடுங்கள். வேலூரில் கிடைப்பார்கள். செலவு யோசனையாக இருந்தால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. குடியாத்தத்தில் உங்களுக்குப் பழக்கமான டாக்டரையே பார்க்க விரும்பினாலும் தவறில்லை. அவரிடம், "இது எம்.ஐ.எச்.-ஆக இருக்குமா சார், ஒருதரம் பாத்துச் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல் முளைக்கும்போதே இந்த நிறத்தில் இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பொடிந்த பிறகு பார்க்கும் டாக்டருக்கு அது தெரியாது. அப்போது போனில் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. இப்படி ஒரு தாய் கேட்டதால்தான் தேடிப் படித்தேன் என்று என்னிடம் சொன்ன டாக்டர்கள் இருக்கிறார்கள்.

தம்பி விஷயம். மூன்று வயது என்றால் அவனுக்குக் கடைசிப் பால் கடைவாய்ப் பற்கள் நான்கும் முளைத்திருக்கும். இன்று இரவு பல் தேய்த்துவிட்டபின், அவனை மடியில் படுக்கவைத்து, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். அந்தப் பற்களிலும் எல்லை தெரியும் வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டு இருந்தால், ஆறு வயதுப் பல்லிலும் இந்தக் குறை வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. திட்டு இல்லை என்றால் நிம்மதியாக இருங்கள், ஆனால் ஐந்தரை வயதிலிருந்து மாதம் ஒருமுறை கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறைப் பாருங்கள். புதிய பல்லின் முனை தெரிந்ததும், முழுதாக வெளியே வரக் காத்திராமல், அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பாதி முளைத்த பல் மற்றதைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்த்தால் பிரஷ் அதில் படாது. கன்னத்தை விரலால் ஒதுக்கி, பிரஷைக் குறுக்காக வைத்து, அந்தப் பல்லுக்கென்று தனியாகப் பத்துத் தரம் தேய்த்துவிடுங்கள்.